ரதி விடவில்லை

லின்ஃபீல்ட், ஆக்லாந்து, நியூசிலாந்து
09.03.2025, ஞாயிறு

மதிப்புக்குரிய ரஷ்மி அவர்களுக்கு,

வணக்கம். நான் ரதிதேவி. விக்னேஷின் மனைவி. எங்களுக்குக் கல்யாணமான இந்த நான்கு வருடத்தில் நாம் இருவரும் ஒரு சொல்கூடக் கதைத்ததில்லை. உங்கள் ஈமெயில் முகவரியை அஸ்வினியின் பள்ளிக்கூடப் படிவத்திலிருந்து எடுத்தேன். அதற்கு முதலில் என்னை மன்னியுங்கள். நான் எழுதுவது விக்னேஷுக்குத் தெரியாது.

உங்கள் மகள் அஸ்வினி சாப்பிடுவதில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உங்களிடம் ஆறு கிழமை நின்றுவிட்டு ஜனவரிக் கடைசியில் வந்தாள். வந்த அன்றைக்கு அவளுக்குப் பிடிக்குமே என்று புட்டும் கோழிக்கறியும் செய்து வைத்திருந்தேன். "ஐம் நாட் ஹங்ரி, ரதி" என்றாள். பயணக் களைப்பாக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு அதுவே எல்லா நாளும் பதிலாகிவிட்டது. தட்டை வாங்கி, "தாங்க்ஸ்" சொல்லி, அறைக்குள் கொண்டுபோவாள். குப்பை எடுக்கிற நாளில் பார்த்தால் எல்லாம் உணவுக் கழிவு வாளியின் அடியில் பேப்பரில் சுற்றிக் கிடக்கும். பள்ளிக்கூடப் பாவாடையைச் சேஃப்டி பின் குத்திக்கொண்டு போகிறாள். போன கிழமை நெட்பால் பயிற்சியில் மயங்கி விழுந்தாள். நான் ஏவன்டேலில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். வேலையிலிருந்து ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். காரில் வரும் வழியெல்லாம் கண்ணாடிப் பக்கம் திரும்பியே இருந்தாள்.

டாக்டரிடம் போனோம். இரத்தப் பரிசோதனையில் நோய் வருத்தம் ஒன்றும் இல்லை. "மனதுக்குள் ஏதோ இருக்கிறது, அது வெளியே வரவேண்டும்" என்றார். இரண்டு கிழமைக்கு ஒருதரம் வரச் சொல்லியிருக்கிறார். எடை இன்னும் இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டுமாம். விக்னேஷ், "டாக்டர் பார்த்துக்குவார், நீ அவளைப் போட்டு நச்சரிக்காத" என்கிறார். அவரும் பயந்துபோய்த்தான் இருக்கிறார். பயந்தால் அவர் பேசாமல் போய்விடுவார். உங்களுக்குத் தெரியாததா.

நான் அவளைப் பெற்றவள் இல்லை. என் சமையல்தான் பிடிக்கவில்லையோ, என்னையே பிடிக்கவில்லையோ தெரியவில்லை. உங்களிடம் நின்றபோது அவள் என்ன சாப்பிட்டாள்? விரும்பிக் கேட்டது ஏதாவது இருந்ததா? ஒன்று சொல்லுங்கள், போதும். எதுவானாலும் செய்து கொடுப்பேன்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
ரதிதேவி


சான் அன்டோனியோ, அமெரிக்கா
10.03.2025

ரதிதேவி அவர்களுக்கு,

உங்கள் மெயில் கிடைத்தது. இவ்வளவு நடந்திருக்கிறது, விக்னேஷ் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சார்பில் நீங்கள் எழுத வேண்டியிருப்பது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

இங்கே அவள் நன்றாகச் சாப்பிட்டாள். அதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் அவளுக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை.

டேனியலுக்கு, என் கணவருக்கு, ஞாயிற்றுக்கிழமை என்றால் வீட்டுக்குப் பின்னால் அடுப்பு மூட்டியாக வேண்டும். அண்ணன், தம்பி, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் வந்துவிடுவார்கள். குக்அவுட் என்பார்கள். டிசம்பரிலும் இங்கே பெரிய குளிர் கிடையாது. அதில் கிரில் மேல் சுடும் கேசடியா என்றால் அஸ்வினிக்கு உயிர். இரண்டாவது வாரமே டேனியலிடமிருந்து இடுக்கியை வாங்கித் தானே சுட ஆரம்பித்துவிட்டாள். செய்முறை எழுதுகிறேன்.

எலும்பில்லாத கோழியை எலுமிச்சைச் சாறு, பூண்டு, சீரகத்தூள், மிளகாய்த்தூள், உப்பு, கொஞ்சம் எண்ணெய் போட்டு இரண்டு மணி நேரம் ஊறவையுங்கள். கரம் மசாலா, சோம்பு எதுவும் வேண்டாம். நம் ஊர் வாசனை வந்தால் ருசி மாறிவிடும். கோழி, வெங்காயம், குடைமிளகாய் மூன்றையும் கிரில்லில் கருகக் கருகச் சுட்டுப் பொடியாக நறுக்குங்கள். டோர்ட்டியா, அதாவது அவர்களுடைய மைதா ரொட்டி, அங்கே சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கும். ஒரு பாதியில் துருவிய சீஸ், அதன் மேல் கோழி, மறுபடி சீஸ், ஊறுகாய் போட்ட ஹலபீனோ மிளகாய் இரண்டு துண்டு. மறுபாதியை மடித்து மூடி, மேலே லேசாக எண்ணெய் தடவி, மிதமான சூட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம். கோடு கோடாகச் சிவந்து, சீஸ் உருகினால் சரி. அவகாடோவும் சவர் கிரீமும் தொட்டுக்கொள்ள.

அவளிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். இல்லை, வேண்டாம். நானே பேசிக்கொள்கிறேன்.

ரஷ்மி


லின்ஃபீல்ட்
16.03.2025, ஞாயிறு

அன்புள்ள ரஷ்மி அக்காவுக்கு,

அக்கா என்று எழுதிவிட்டேன். நீங்கள் என்னைவிட ஆறு வயது மூப்பு. பிடிக்காவிட்டால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

செய்முறைக்கு நன்றி. இன்றைக்குச் செய்தேன். காலையில் ஏவன்டேல் சந்தைக்குப் போய் அவகாடோவும் எலுமிச்சைக்குத் தேசிக்காயும் வாங்கினேன். விக்னேஷ் பார்பிக்யூ அடுப்பைப் பின்பக்க மரத்தளத்தில், டெக்கில், இழுத்துவைத்து காஸைத் திறந்துவிட்டார். முதல் நான்கும் நாசம். கிழிந்துபோய் சீஸ் எல்லாம் கம்பிக்கு இடையால் ஒழுகிப் பற்றிக்கொண்டது. ஐந்தாவது பரவாயில்லை என்று தட்டில் வைத்து அவளைக் கூப்பிட்டேன்.

கண்ணாடிக் கதவடியில் வந்து நின்றாள். மணத்தைப் பிடித்திருப்பாள். அக்கா, அவள் முகம் வெளுத்த மாதிரியை நான் எப்படி எழுதுவது? சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தேன். "ஹூ டோல்ட் யூ டு மேக் திஸ்?" என்றாள். யூடியூபில் பார்த்தேன் என்று சொன்னேன். "திஸ் இஸ் நாட் இட்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த நேரம் நான் வாய் தவறிவிட்டேன். பின்னால் போய், "சாப்பாட்டை வீசுறதுக்கு உனக்கு எப்பிடிப் பிள்ளை மனம் வருது?" என்று கேட்டுவிட்டேன். நான் சத்தம் போட்டது இன்றைக்குத்தான் முதல்தரம். அவள் நிதானமாகத் திரும்பிப் பார்த்து, "வை டு யூ ஈவன் கேர்?" என்றாள். எனக்கென்ன அக்கறை என்று கேட்கிறாள். நான் போய்க் கம்பியில் ஒட்டிய சீஸைச் சுரண்டினேன்.

உங்களுக்குச் சொல்கிறேன். 2009இல், சண்டை நேரம், நாங்கள் வன்னியில் இருந்தோம். எனக்குப் பத்தொன்பது வயது. என் தங்கச்சிக்குப் பதின்மூன்று. கஞ்சிக்கு வாளியோடு வரிசையில் நிற்போம். ஒரு நாள் என் முறை வரும்போது அண்டாவில் ஒன்றும் இல்லை. வெறும் வாளியைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். அவள் அதை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். தங்கச்சி இப்போது இல்லை. அது வேறு கதை. ஒரு பிள்ளை சாப்பிடாமல் என் முன்னால் இருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அவ்வளவுதான். அஸ்வினிக்கு இதைச் சொன்னதில்லை. சொல்லிச் சாப்பிடவைத்தால் அது சாப்பாடாக இராது.

நான் எங்கே பிழை விட்டேன்? எந்த சீஸ்? எவ்வளவு சூடு? திரும்பச் செய்து பார்க்கிறேன்.

அன்புடன்
ரதிதேவி


சான் அன்டோனியோ
17.03.2025

ரதிதேவிக்கு,

அக்கா என்றே எழுதுங்கள். உங்கள் தங்கையைப் பற்றிப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன்.

நீங்கள் அதிகமாக அடைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஓரத்தில் ஒரு விரல் அளவு வெறுமையாக விடுங்கள். சீஸ்தான் பசை, இரண்டு பக்கமும் இருந்தால்தான் ஒட்டும். இங்கே மான்டெரி ஜாக் என்ற சீஸ் போடுவோம். அங்கே கோல்பி சரியாக இருக்கும். நடு அடுப்பை அணைத்துவிட்டு ஓரச் சூட்டில் வையுங்கள். திருப்பும்போது மடிப்பு இருக்கும் பக்கமாகச் சாய்த்துத் திருப்பினால் கொட்டாது. எடுத்த உடனே வெட்டாமல் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். இதெல்லாம் அஸ்வினி எனக்குச் சொன்னது. கடைசி ஞாயிற்றுக்கிழமை முப்பது பேருக்கு அவள்தான் சுட்டாள்.

அவள் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா? நான் போன் செய்தால் எடுத்து, "ஐம் குட், மாம்" என்கிறாள். வேறொன்றும் பேசுவதில்லை.

ரஷ்மி


லின்ஃபீல்ட்
25.03.2025, செவ்வாய்

அன்புள்ள ரஷ்மி அக்காவுக்கு,

இன்றைக்கு டாக்டரிடம் போய்வந்தோம். எடை இன்னும் இறங்கியிருக்கிறது. அடுத்தமுறை, ஏப்ரல் எட்டாம் திகதி, பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியில் கட்டில் கேட்பதாகச் சொன்னார். விக்னேஷ் வெளியே வந்து காரின் கதவைத் திறக்க முடியாமல் சாவியை மூன்றுதரம் கீழே போட்டார்.

ஏப்ரல் ஐந்து சனிக்கிழமை அவளுக்குப் பதினைந்து வயது. நாலு பேரோடு சேர்ந்து இருந்தால் சில பிள்ளைகள் சாப்பிடுவார்கள் என்று டாக்டரும் சொன்னார். அதனால் அன்றைக்கு வீட்டுக்குப் பின்வளவில் உங்கள் குக்அவுட் மாதிரியே ஒன்று வைக்கப்போகிறேன். அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர், என்னோடு வேலை செய்கிற பிரசாந்தி குடும்பம், பக்கத்து வீட்டு இராசநாயகம் ஐயா. அவ்வளவுதான்.

நீங்கள் சொன்ன மாதிரி ஞாயிறும் திங்களும் சுட்டுப் பழகினேன். நேற்று அவள் தண்ணீர் குடிக்க வந்தவள், என் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "யூ டர்ன் இட் டூ ஏர்லி" என்றாள். இரண்டு மாதத்தில் அவளாக என்னோடு கதைத்தது அதுதான். "அப்ப நீ வந்து காட்டன்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

இனி நான் கேட்கப்போவதற்குக் கோபிக்காதீர்கள். இன்று மழையில் அவளுடைய பை நனைந்துவிட்டது. உலர்த்துவதற்காக எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு படிவம் இருந்தது. சான் அன்டோனியோவில் ஒரு ஹைஸ்கூலில் சேருகிற படிவம். பெயர், பிறந்த திகதி, முன்பு படித்த பள்ளி, தடுப்பூசி விபரம் எல்லாம் அவளே அழகாக நிரப்பியிருக்கிறாள். வீட்டு விலாசம் என்ற இடத்தில் உங்கள் விலாசம். ஜனவரி பதினெட்டாம் திகதி போட்டிருக்கிறது. பெற்றோர் கையொப்பம் என்ற இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது.

படிவத்தை எடுத்த மாதிரியே திருப்பி வைத்துவிட்டேன். அவளுக்குத் தெரியாது. விக்னேஷிடமும் சொல்லவில்லை.

அவள் உங்களிடம் வந்து படிக்கக் கேட்டாளா? நீங்கள் என்ன சொன்னீர்கள்? எதுவாக இருந்தாலும் பரவாயில்லை அக்கா. எனக்குத் தெரிந்தால் போதும். தெரியாமல் நான் இருட்டில் துழாவிக்கொண்டிருக்கிறேன்.

ரதிதேவி


லின்ஃபீல்ட்
28.03.2025, வெள்ளி

அக்கா,

மூன்று நாளாகிறது. நீங்கள் வாசித்துவிட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இன்று காலையில் அவளுடைய தலைமயிரைக் குளியலறையில் இருந்து இரண்டு கைநிறைய அள்ளினேன். உங்களைத் திட்டவில்லை. நியாயம் கேட்கவும் இல்லை. காலைப் பிடித்துக் கேட்கிறேன், அந்தப் படிவத்துக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?

ரதி


சான் அன்டோனியோ
29.03.2025

ரதிக்கு,

நாலு தடவை எழுதி அழித்துவிட்டேன். இதை அழிக்கப்போவதில்லை.

கடைசி ஞாயிற்றுக்கிழமை டேனியலின் சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அஸ்வினி காலையிலிருந்து கிரில் பக்கத்திலேயே நின்றாள். எல்லோரும் அவளைத் தட்டிக்கொடுத்தார்கள். டேனியலின் அம்மா அவள் கன்னத்தைப் பிடித்து, "இவள் இங்கேயே இருந்துவிடட்டும்" என்று விளையாட்டாகச் சொன்னார். அதைக் கேட்டுத்தான் அவளுக்குத் தைரியம் வந்திருக்க வேண்டும். நான் சமையலறையில் தட்டு எடுக்க வந்தபோது பின்னாலேயே வந்து படிவத்தை நீட்டினாள். முகமெல்லாம் புகையும் சிரிப்பும். "மாம், ஒன்லி யுவர் சைன் இஸ் லெஃப்ட்" என்றாள்.

ரதி, நான் மாசமாக இருக்கிறேன். நாற்பத்திரண்டு வயதில். ஆகஸ்டில் பிறக்கும். அப்போது டாக்டரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவளுக்கு இப்போதும் தெரியாது. டேனியல் வேண்டாம் என்று சொல்லியிருப்பார் என்று நினைக்காதீர்கள். அவரிடம் நான் கேட்கவே இல்லை. எனக்குத்தான் பயம். அவள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், எட்டு வயதுப் பெண்ணை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்தவள் என்றுதான் எனக்கு என் ஞாபகம் வருகிறது. இந்த வீட்டில் நான் அந்த ரஷ்மியாக இல்லாமல் இருந்து பார்க்க நினைத்தேன். இதை ஒரு பிள்ளையிடம் எப்படிச் சொல்ல முடியும்?

அதனால் பொய் சொன்னேன். "அப்பாகிட்ட கேட்டேம்மா. அப்பாவுக்கு ஓகேதான். ரதிதான் விட மாட்டேங்கிறாங்க" என்றேன். ஏன் என்று கேட்டாள். "தெரியல. நீ போய்க் கேட்டு வீட்ல சண்டை மூட்டிடாத, ப்ராமிஸ் பண்ணு" என்றேன். ப்ராமிஸ் செய்தாள்.

அழவில்லை. படிவத்தை மடித்து வைத்துக்கொண்டு வெளியே போய் மீதியைச் சுட்டாள். எல்லோருக்கும் பரிமாறினாள். அவள் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை என்பதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீங்கள் முதலில் எழுதியபோது கேசடியா என்று நான் எழுதியதற்குக் காரணம் கேட்டால் எனக்கே தெரியாது. அவள் கடைசியாகச் சந்தோஷமாக இருந்ததை நான் பார்த்தது அந்த கிரில்லின் முன்னால்தான்.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

ரஷ்மி


லின்ஃபீல்ட்
01.04.2025, செவ்வாய்

ரஷ்மி அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வேலையிடத்தில் துணி துவைக்கிற அறைக்குள் நின்று வாசித்தேன். பிரசாந்தி வந்து, "என்னடி, ஊரிலை ஆரும் செத்துப்போயிட்டினமோ?" என்று கேட்டாள்.

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தக் கடிதம் முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். இரண்டு மாதமாக நான் அவள் முன்னால் தட்டைக் கொண்டுபோய் வைக்கும்போது, தாயிடம் போகவிடாமல் மறித்தவளின் கைதான் அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கையால் எப்படி வாங்கித் தின்பாள்? அதற்கு மேல் அவளுக்கு மிகவும் நொந்த அந்த நாளின் சாப்பாட்டையே திரும்பத் திரும்பச் சுட்டு அவள் மூக்குக்கு முன்னால் காட்டியிருக்கிறேன். கடவுளே, எத்தனை நாள் சுட்டிருக்கிறேன்.

நான் விடமாட்டேன் என்று எப்போது சொன்னேன்? என்னிடம் யார் கேட்டார்கள்?

இதை நான் அவளிடம் சொல்ல முடியாது. நான் சொன்னால் என்னைக் காப்பாற்றிக்கொள்ள அம்மாவைக் குற்றம் சொல்கிறேன் என்றுதான் நினைப்பாள். நம்பினால் அது அதைவிட மோசம். அம்மாவுக்கு நான் வேண்டாம் என்ற செய்தியை ஒரு பிள்ளை சிற்றன்னையின் வாயால் கேட்கக் கூடாது. உங்கள் வாயால்தான் கேட்க வேண்டும். நீங்கள் சொல்லும்போது அழுங்கள், மன்னிப்புக் கேளுங்கள், பயந்துவிட்டேன் என்று சொல்லுங்கள், குழந்தை வரப்போவதைச் சொல்லுங்கள். அவள் தாங்குவாள். இப்போது சுமப்பதைவிட அது பாரம் குறைவு.

சனிக்கிழமை எங்கள் நேரம் பகல் இரண்டு மணிக்கு அவளுக்கு வீடியோ கோல் எடுங்கள். உங்களுக்கு வெள்ளி இரவு எட்டு மணி. அவள் அருகில் நான் இருப்பேன். எட்டாம் திகதி ஆஸ்பத்திரி. அதற்கு முன்னால் இந்த ஒரு நாள்தான் எங்களிடம் இருக்கிறது.

எடுப்பீர்களா?

ரதி


சான் அன்டோனியோ
02.04.2025

ரதிக்கு,

கண்டிப்பாக எடுக்கிறேன். அவள் பிறந்தநாள். நான் எடுக்காமல் இருப்பேனா? எப்படித் தொடங்குவது என்று தினமும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு மணிக்கு அவளைத் தயாராக இருக்கச் சொல்லுங்கள்.

ரஷ்மி


லின்ஃபீல்ட்
06.04.2025, ஞாயிறு

ரஷ்மிக்கு,

நேற்று என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நீங்கள் சொன்னபடியே அவளைத் தயாராக இருக்கச் சொன்னேன். "அம்மா ரெண்டு மணிக்கு எடுப்பா, உன்னோட ஒரு விஷயம் கதைக்க வேணுமாம்" என்றேன். அது என் பிழை. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. காலையிலேயே குளித்து, நீங்கள் டிசம்பரில் வாங்கிக்கொடுத்த பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். அது அவள் தோளில் நிற்கவில்லை. போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு அதற்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தாள்.

இரண்டு மணியானது. இரண்டே கால் ஆனது. சிநேகிதிகள் டெக்கில் இருந்து கூப்பிட்டார்கள், போகவில்லை. இரண்டரைக்கு நான் என் போனில் இருந்து உங்களுக்கு எடுத்தேன். மணி அடித்தது. நீங்கள் வெட்டினீர்கள். திரும்ப எடுத்தபோது போன் அணைந்திருந்தது. நான் சமையலறையில் நின்றுதான் எடுத்தேன். அவள் அங்கிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். எழும்பிப்போய்க் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டாள்.

விக்னேஷ் தட்டினார். பதில் இல்லை. தண்ணீர்ச் சத்தமும் இல்லை. இராசநாயகம் ஐயா, "பிள்ளை, கதவை உடைக்கிறதெண்டால் சொல்லு, என்னட்டைச் சுத்தியல் கிடக்கு" என்று வந்து நின்றார். அடுப்பில் கேசடியா கிடக்கிறது, கையில் இடுக்கியோடு அப்படியே ஓடிவந்துவிட்டேன். எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவோடு சாய்ந்து கீழே இருந்தேன்.

உங்கள் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். போன் கையில்தான் இருந்தது. திறந்தும் வைத்தேன். அப்போது உள்ளே அவள் மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. ஒரு சின்னப் பிள்ளையின் மூச்சு மாதிரி இருந்தது. என்னால் வாசிக்க முடியவில்லை.

"அஸ்வினி, நீ அமெரிக்காவிலை அம்மாவோட இருந்து படிக்கக் கேட்டனியெல்லே. நான்தான் விடேல்லை" என்றேன்.

பிறகு பூட்டு திறந்தது. வாசலில் நின்றாள். அவள் இங்கிலீஷில்தான் கத்தினாள், நான் தமிழில் எழுதுகிறேன்.

"ஏன்? உங்களுக்கு என்ன உரிமை இருக்கு? நீங்க என் அம்மா கிடையாது!"

"ஓம், நான் அம்மா இல்லை."

"அப்ப ஏன் விடல? நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?"

"நீ ஒண்டும் செய்யேல்லை. நீ போனால் என்னாலை ஏலாது. நீ இல்லாத வீட்டிலை நான் ஆருக்குச் சமைக்கிறது, ஆரை ஸ்கூலிலை இருந்து கூட்டிக்கொண்டு வாறது? அதுதான் விடேல்லை. இப்ப கேட்டாலும் விடமாட்டன். அடுத்த வருஷம் கேட்டாலும் விடமாட்டன்."

சத்தியமாக, நான் இதைச் சொல்லத் தொடங்கும்போது பொய்யாகத்தான் தொடங்கினேன். சொல்லி முடிக்கும்போது அதில் பொய் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

"ஐ ஹேட் யூ" என்றாள். என் தோளில் அடித்தாள். அந்தக் கைகளில் பலமே இல்லை. அடித்துக்கொண்டே அழத் தொடங்கினாள். ஜனவரிக்குப் பிறகு அவள் அழுததை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. நடைவழியில் அப்படியே இருந்துவிட்டோம், அவளும் நானும். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

பிறகு கருகின மணம் உள்ளே வந்தது. அவள்தான் முதலில் தலையை நிமிர்த்தினாள். "ரதி, யுவர் டோர்ட்டியாஸ்" என்று மூக்கைத் துடைத்தாள். எழும்பிப்போய் நடு அடுப்பை அணைத்தாள். கரியைச் சுரண்டி எறிந்தாள். புதிதாக ஒன்றை எடுத்துச் சீஸ் போட்டு, கோழி போட்டு, மடித்து ஓரத்தில் வைத்தாள். என்னிடம் இருந்த இடுக்கியைக் கேட்காமலே வாங்கிக்கொண்டாள். ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. பிரசாந்திதான் எல்லோரையும் வேலிப் பக்கம் திருப்பி நிறுத்தி, அங்கே இல்லாத பூவைக் காட்டிக்கொண்டிருந்தாள். அஸ்வினி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பாதிக் கேசடியா தின்றாள். நான் வெங்காயம் வெட்டுகிற மாதிரி நின்றேன். அவள் தாடை அசைவதை ஒருதரம் பார்த்துவிட்டு, பிறகு பார்க்கவில்லை.

பாதிதான். பின்னேரம் கேக் வேண்டாம் என்றுவிட்டாள். இன்று காலையில் டோஸ்ட் பண்ணிய பாணையும் தொடவில்லை. செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போகத்தான் போகிறோம். ஆஸ்பத்திரியில் வைத்தால் நான் லீவு போட்டுவிட்டுக் கூட நிற்பேன். என்னோடு இன்னும் நேராகக் கதைக்கவில்லை. கோபமாகத்தான் இருக்கிறாள். இருக்கட்டும். பெற்றவளே வேண்டாம் என்று தள்ளிவிட்ட பிள்ளையாக இருப்பதைவிட, ஒருத்தி விடமாட்டேன் என்று பிடித்துவைத்த பிள்ளையாக இருப்பது அவளுக்கு நல்லது.

விக்னேஷுக்கு எல்லாக் கடிதங்களையும் காட்டினேன். வாசித்துவிட்டுப்போய் நெடுநேரம் காருக்குள் இருந்தார். பிறகு வந்து, "நான் கேட்டிருக்கணும் ரதி. என்ன ஆச்சுன்னு அஸ்வினிகிட்ட நான்தான் கேட்டிருக்கணும்" என்றார்.

இனி நான் சொல்வதைக் கேளுங்கள். நீங்கள் சொன்ன பொய் இப்போது என்னுடையது. அதை நான் வாங்கிக்கொண்டேன். மனம் உறுத்துகிறது என்று ஒரு நாள் போனை எடுத்து அவளிடம் உண்மையைச் சொல்லிவிடாதீர்கள். சொல்வதற்கு ஒரு நாள் இருந்தது. அது நேற்று. எப்போதாவது அவள் கேட்டால், ரதிதான் விடவில்லை என்றே சொல்லுங்கள். அவள் வளர்ந்த பிறகு இந்தக் கடிதங்களை அவளிடம் கொடுப்பதா என்று நான் யோசித்துக்கொள்கிறேன்.

குழந்தை வரப்போவதை மட்டும் நீங்களே அவளுக்குச் சொல்லுங்கள். படத்தைப் பார்த்து அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடு கதையுங்கள். எடுக்கிறேன் என்று சொன்னால் எடுங்கள். எடுக்க முடியாவிட்டால் எடுக்கிறேன் என்று சொல்லவே சொல்லாதீர்கள்.

எனக்கு எழுத வேண்டாம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதை மனதாரத்தான் எழுதுகிறேன்.

அவள் எழும்பிவிட்டாள். குசினியில் ஃபிரிட்ஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்கிறது. தண்ணீர் எடுக்கவும் இருக்கலாம். நான் போய்ப் பார்க்கப்போவதில்லை. இங்கேயே இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ரதிதேவி